ஆல்-கிரெய்ன் மேஷ் சாமான் வாங்குறது எப்படி: குளுவாங் ஆளுங்க கேக்குற கேள்விங்க

நான் மலேசியாவுல குளுவாங் பக்கத்துல செம்பனைத் தோட்டத்துல வளந்தவன், இப்ப வேலை சிங்கப்பூர்ல, உட்லண்ட்ஸ்ல ஃப்ளாட். லீவுக்கு ஊருக்கு வந்து காப்பிக் கடைல உக்காந்தா போதும், "மால்ட்டு வாங்கி நீயே பீர் போடுறியாமே, என்னென்ன சாமான் வேணும்"னு யாராச்சும் ஆரம்பிச்சிடுவாங்க. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்லி வாய் வலிக்குது, அதான் மொத்தமா எழுதிட்டேன். மால்ட்டுன்னா முளை கட்டிக் காய வச்ச பார்லி, அத சுடுதண்ணில ஊற வச்சு இனிப்புத் தண்ணி எடுக்குறதுதான் மேஷ். ஒண்ணு மட்டும் முன்னாடியே சொல்லிடுறேன். யூடியூப்ல இத பத்திப் பேசுறவங்க பாதிப் பேர் குளிர் நாட்டுக்காரங்க, அவங்களுக்கு சூடு ஆறாம பாத்துக்குறதுதான் பெரும்பாடு. நமக்கு நேர் எதிரு, சூட்ட எறக்குறதுதான் பெரும்பாடு. அவங்க லிஸ்ட்ட அப்படியே பாத்து வாங்கினீங்கன்னா காசு தப்பான எடத்துல போய் முடங்கிடும்.

அண்ணே, மொதல்ல இத சொல்லுங்க, வீட்டுல போடலாமா, போலீஸ் வராதா?

மலேசியாவுல 1976 எக்சைஸ் சட்டப்படி லைசென்ஸ் இல்லாம மதுபானம் தயாரிக்கக் கூடாது, வீட்டுக்கு மட்டும்தானேன்னு சொல்லித் தப்பிக்க முடியாது. சிங்கப்பூர்ல 18 வயசு ஆயிருந்தா சொந்தக் குடிக்கு போடலாம், ஒரு வீட்டுக்கு மாசம் 30 லிட்டர் வரைக்கும், விக்கக் கூடாது, காய்ச்சி வடிக்கக் கூடாது. அதனால நான் புளிக்க வைக்கிறதெல்லாம் அந்தப் பக்கம்தான். ஊர்ல நான் செய்றது சாமான் தேடுறது, வெல்டிங் பண்ணுறது, தண்ணி ஊத்தி டெஸ்ட் பண்ணுறது. சில நேரம் மேஷ் மட்டும் போட்டு அந்த இனிப்புத் தண்ணிய கொதிக்க வச்சு ஆறினதும் அப்படியே குடிச்சிடுவோம், ஈஸ்ட் போடாத வரைக்கும் அது வெறும் மால்ட் தண்ணிதான், எங்கம்மா அதுக்குப் பாலு ஊத்தி ஹார்லிக்ஸ் மாதிரி இருக்குன்னு ரெண்டு கிளாஸ் குடிச்சாங்க. கீழ எழுதியிருக்குறதெல்லாம் சிங்கப்பூர், ஆஸ்திரேலியா மாதிரி அனுமதி இருக்குற எடத்துல இருக்குற நம்ம பிள்ளைங்களுக்குன்னு எடுத்துக்குங்க.

மேஷ்னா என்னா? சாமான் கடைல விக்கிற டின் சிரப்பு போதாதா?

போதும், ஆரம்பத்துல அதுதான் நல்லது. டின்ல வர்றது ஏற்கனவே மேஷ் பண்ணி சுண்ட வச்சது. ஆல்-கிரெய்ன்னா அந்த வேலைய நாமளே செய்றது, ஒடச்ச பார்லி மால்ட்ட 62லருந்து 70 டிகிரிக்குள்ள இருக்குற சுடுதண்ணில ஒரு மணி நேரம் ஊற விடணும், மால்ட்டுக்குள்ளயே இருக்குற என்சைம் மாவ சக்கரையா மாத்தும். 63, 64ல வச்சா பீர் லேசா, வறண்டு வரும், 68, 69ல வச்சா கொஞ்சம் கனமா இனிப்பா வரும். நான் 66லயே நிறுத்துவேன். ஆக சாமான் செய்ய வேண்டிய வேலை ரெண்டுதான், ஒரு மணி நேரம் சூட்டப் புடிச்சு வைக்கணும், அப்புறம் தண்ணி வேற சக்கை வேறன்னு பிரிக்கணும். இத ஞாபகத்துல வச்சுக்கிட்டு கடைக்குப் போனா யாரும் உங்கள ஏமாத்த முடியாது.

எத்தன லிட்டர் பானை வாங்கணும்?

இதுலதான் நெறைய பேரு அவசரப்படுறாங்க. சிங்கப்பூர்ல இருந்தா சட்டமே சைஸ பாதி முடிவு பண்ணிடுது, மாசம் 30 லிட்டர்னா ஒண்ணு 14, 15 லிட்டரா ரெண்டு தடவ போடலாம் இல்ல 20 லிட்டர் ஒரு தடவ. நான் 14 பக்கம்தான், தூக்குறதுக்கு முதுகு வேணும்ல.

கணக்கு இப்படி. 14 லிட்டர்ல அஞ்சு பர்செண்ட் ஆல்கஹால் இருக்குற பீருக்கு சுமாரா 3.3 கிலோ மால்ட் போகும், நூத்துக்கு எழுபது சக்கரை கைக்கு வந்துதுன்னா, தண்ணில சக்கரை எவ்வளவுன்னு அளக்குற ஹைட்ரோமீட்டர் 1.050 காட்டும். தண்ணி எவ்வளவுன்னா கடைசில வேண்டிய 14, கொதில ஆவியாப் போறது ஒரு மூணு, அடில மண்டி தங்குறது ஒண்ணு, சக்கை குடிச்சிக்கிறது ரெண்டு, மொத்தம் 20. அதுல மால்ட்ட கொட்டினா அதுவும் எடம் புடிக்கும், கிலோவுக்கு முக்கா லிட்டருக்குக் கொஞ்சம் கம்மி, அப்ப 22 லிட்டருக்கு மேல போயிடும். 25 லிட்டர் பானைல விளிம்பு வரைக்கும் நிக்கும், கொதி வர்றப்ப நுரை பொங்கி அடுப்பெல்லாம் நாறிடும். 30 லிட்டர் வாங்குங்க. 20 லிட்டர் பீர்தான் வேணும்னா மால்ட் அஞ்சு கிலோ கிட்ட, பானை 36லருந்து 40.

பை, ஐஸ் பாக்ஸ், கரண்ட் மெஷின், இதுல எது நல்லது?

மூணுலயும் நல்ல பீர் வரும். குடிக்கிறவனுக்கு எதுல போட்டதுன்னு தெரியாது.

பைன்னா, ஒரே பானைல தண்ணிய சூடாக்கி, உள்ள பெரிய துணிப்பைய விரிச்சு, அதுல மால்ட்ட கொட்டி, ஒரு மணி நேரம் கழிச்சு பைய தூக்கி வடிய விட்டுட்டு அதே பானைல கொதிக்க வைக்கிறது. ஆஸ்திரேலியாக்காரங்க பழக்கப்படுத்தின முறை. சாமான் கம்மி, கழுவுறது கம்மி, ஃப்ளாட்டுக்கு ஏத்தது. தொல்லை என்னன்னா தூக்குறது. மூணு கிலோ மால்ட் தண்ணி குடிச்சு மேல வர்றப்ப ஏழெட்டு கிலோ இருக்கும், சொட்டுறது 66 டிகிரி, கைல பட்டா தோல் வழண்டுடும். அஞ்சு கிலோ மால்ட்னா கப்பி, கயிறு, மேல ஒரு கொக்கி இல்லாம தூக்காதீங்க.

ஐஸ் பாக்ஸ்னா மீனு வாங்கப் போறப்ப எடுத்துட்டுப் போற அதே பொட்டிதான், அடில வடிகட்டியும் தண்ணி எறக்க ஒரு டேப்பும் வச்சா மேஷ் டன், அதாவது மேஷ் போடுற தொட்டி, ரெடி. கிலோவுக்கு மூணு லிட்டர் தண்ணின்னு கெட்டியா போடலாம், அப்புறம் மேல சுடுதண்ணி ஊத்தி அலசி எடுக்கலாம். ஆனா தண்ணி சூடாக்க, கொதிக்க வைக்கன்னு தனிப் பானை வேணும்.

மெஷின்னா கிரெய்ன்ஃபாதர், ப்ரூஜில்லா மாதிரி, ஸ்டீல் டவர், உள்ள ஓட்டை போட்ட கூடை, அடில ஹீட்டர், பக்கத்துல பம்பு, சூட்ட தானே புடிச்சு வைக்கும். காசு இருந்து எடமும் இருந்தா நல்ல சாமான், நான் குத்தம் சொல்ல மாட்டேன். ஆனா அது சம்பாதிச்சுக் குடுக்குற அந்த சூடு புடிக்கிற வேலை நம்ம ஊர்ல பாதி சும்மாவே நடக்குது. 30 டிகிரி வெக்கைல 30 லிட்டர் பானைய ஒரு பழைய கம்பளில சுத்தி வச்சா ஒரு மணி நேரத்துல ஒண்ணு ரெண்டு டிகிரிதான் எறங்கும், அது ஒண்ணும் பீரக் கெடுக்காது.

அதனால என் கணக்கு, பைல ஆரம்பிங்க, மிச்சக் காசுல நல்ல தெர்மோமீட்டரும், கொதிச்ச தண்ணிய ஆற வைக்கிற கூலரும் வாங்குங்க. ரெண்டு மூணு மாசத்துல சலிச்சுப் போச்சுன்னாலும் பானை சாம்பார் வைக்க ஆகும்.

பைக்கு என்ன துணி? வேட்டி துணி ஆகுமா?

ஆகாது. பருத்தி நனைஞ்சா ஊதி ஓட்டை அடைச்சிக்கும், தண்ணி எறங்கவே எறங்காது, அடுத்த நாளே பூசணமும் புடிக்கும். பாலியெஸ்டர் வாயில் துணி கேளுங்க, ஜன்னல் திரைக்கு உள்பக்கம் போடுற மெல்லிசு துணி, தீபாவளிக்கு முன்னாடி துணிக்கடைல குவிஞ்சு கெடக்கும். பானையோட அளவுக்கு, வாய் பானை மேல மடிச்சுப் போடுற மாதிரி தைக்கச் சொல்லுங்க, தையல ரெட்டையா போடச் சொல்லணும். டவுன்ல எங்க டெய்லர் ஆன்ட்டி "இவ்வளவு பெரிய தலையணைக்கு வாய் ஏன் தொறந்தே இருக்கு"ன்னு கேட்டாங்க. அடுப்பு எரியுறப்ப பை அடில ஒட்டினா உருகிடும், ஒரு ஸ்டீல் ஸ்டாண்டு போட்டு மேல வைங்க, இட்லித் தட்டு கவுத்துப் போட்டாலும் சரி.

ஐஸ் பாக்ஸ்தான் வேணும்னா எத பாத்து வாங்கணும்?

உள்பக்கம் கெட்டிப் பிளாஸ்டிக்கா இருக்கணும், 75 டிகிரி தாங்கணும். பசார்ல மீன் வர்ற வெள்ளை நுரைப் பொட்டி வேண்டவே வேண்டாம், சூட்டுக்கு ஆகாத சாமான், கழுவி ஒழுங்கா எடுக்கவும் முடியாது. மலிவுப் பொட்டிங்கள்ல மூடி உள்ள வெறும் காத்துதான், சூடு போறது அது வழியாத்தான், மேல ஒரு துண்டு போட்டா தீந்துச்சு. உருண்டையா சதுரமான்னு சண்டை போடுறாங்க, அலசி எடுக்குறப்ப உருண்டைல மால்ட் படுகை கொஞ்சம் ஆழமா நிக்கும், அவ்வளவுதான்.

வடிகட்டிக்கு ஓட்டைத் தட்டு வாங்கலாம், இல்ல குழாய்க்கடைல விக்கிற ஸ்டீல் பின்னல் ஹோஸ் வாங்கி உள்ள இருக்குற ரப்பர் குழாய உருவிட்டு அந்தப் பின்னல மட்டும் போடலாம். ஆனா இப்ப வர்றதுல பாதி ஸ்டீல் கலர் அடிச்ச பிளாஸ்டிக் இழை. ஓரத்துல லைட்டர் காட்டிப் பாருங்க, சுருண்டுச்சுன்னா கடைக்காரர்கிட்டயே திருப்பிக் குடுத்துடுங்க.

டேப்பு மாட்டுறேன், ஒழுகிக்கிட்டே இருக்கு, ஏன்?

பெரும்பாலும் திருகு மறை ஒத்துக்காததுதான். நம்ம ஹார்ட்வேர் கடைல கெடைக்கிறதெல்லாம் பிரிட்டிஷ் மறை, பிஎஸ்பி. ஆன்லைன்ல அமெரிக்காக்காரன் விக்கிறது என்பிடி. அரை இஞ்சுல ரெண்டுக்கும் இஞ்சுக்கு 14 மறைதான், அதனால கைல சுத்துனா உள்ள போயிடும், சரின்னு நெனச்சுக்குவோம், ஆனா மறையோட கோணம் வேற, ஒண்ணு 55 டிகிரி ஒண்ணு 60. கொஞ்சம் ஏறி அப்படியே இறுகிக்கும், சூடு ஏறினதும் ஒழுகும். வெள்ளை டேப்ப நாலு சுத்து கூட சுத்தி சமாளிக்கிறாங்க, பேசாம எல்லாத்தையும் ஒரே மறைல வாங்கிடுங்க, டவுன்லயே வாங்கினா பிஎஸ்பிதான் வரும். வால்வு துருப் புடிக்காத 304 ஸ்டீலா இருக்கட்டும். பித்தளைல ஈயம் கொஞ்சம் கலந்திருக்கும், சுடுதண்ணி போற எடத்துல எதுக்கு வம்பு.

கோயில் அண்டாவுல போடலாமா? அலுமினியம்.

அலுமினியத்துனால ஒண்ணும் ஆகாது, கொதிக்க வைக்கலாம், காஸ்டிக் சோடா போட்டுத் தேய்க்காதீங்க அவ்வளவுதான். ஆனா கோயில் அண்டா வேண்டாம்டா சாமி, அன்னதானத்துக்கு வச்சிருக்குறது, தலைவர் காதுக்குப் போனா நீங்கதான் பதில் சொல்லணும். நாக முலாம் பூசின வாளி, தொட்டி எதுவும் மேஷுக்கு ஆகாது, புளிப்புத் தண்ணில நாகம் கரையும்.

மெஷினுக்கு வீட்டுக் கரண்டு தாங்குமா?

35 லிட்டர் ப்ரூஜில்லா 2,400 வாட், கிரெய்ன்ஃபாதர் ஜி30 ரெண்டாயிரம் வாட், நம்ம 13 ஆம்பியர் மூணு முள் பிளக்கு தாங்கும். 65 லிட்டர் சைஸ் 3,500 வாட், அது சாதாரண பிளக்குல ஓட்டுற சாமானே இல்ல, தனி ஒயரிங் வேணும். எதா இருந்தாலும் சுவத்து பிளக்குல நேரா போடுங்க, எக்ஸ்டென்ஷன் சுருள்ல போட்டா சுருள் சூடாகி உருகும். கரண்ட் கசிஞ்சா தானே கட் பண்ணுற இஎல்சிபி வேலை செய்யுதான்னு டெஸ்ட் பட்டன அமுக்கிப் பாத்துட்டு ஆரம்பிங்க, பழைய தாமான் வீடுங்கள்ல இத யாரும் பாக்குறதே இல்ல, ஈரக் கையோட ஹீட்டர் பக்கத்துல நிக்கப் போறது நீங்க.

நேரம் கேட்டீங்கன்னா 20 லிட்டர் தண்ணிய 28லருந்து 70க்கு கொண்டு வர ரெண்டாயிரம் வாட்டுக்கு அரை மணி நேரம் ஆகும். இண்டக்ஷன் அடுப்புலயும் முடியும், ஆனா கண்ணாடி எவ்வளவு எடை தாங்கும்னு பாத்துக்குங்க, பானையோட சேத்து 28 கிலோ உக்காரப் போகுது.

மால்ட்ட எங்க அரைக்கிறது? மாவு மில்லுல குடுத்தா?

மாவு மில்லுல குடுக்காதீங்க, மிக்ஸிலயும் வேண்டாம். மால்ட்ட அரைக்கக் கூடாது, ஒடைக்கணும். உள்ள இருக்குற மாவு நொறுங்கணும், மேல உமி முழுசா இருக்கணும், அந்த உமிதான் வடிகட்டி. மில்லுல போனா உமியும் தூளாகி களி கிண்டின மாதிரி அடைச்சிக்கும், மேல மிளகாய்த்தூள் வாசம் இலவசம். ரெண்டு உருளை வச்ச மில் வாங்குங்க, இடைவெளி ஐஸ் பாக்ஸுக்கு 1.1, 1.2 மில்லிமீட்டர், பைக்குன்னா 0.9 வரைக்கும் எறக்கலாம். டிரில் மெஷின மாட்டி ஓட்டலாம், மெதுவா.

மில் வாங்குறது மெஷின் வாங்குறத விட முக்கியம்னு நான் சொல்லுவேன், ஏன்னா ஒடச்ச மால்ட் நம்ம ஈரக்காத்துல சீக்கிரம் நமுத்துப் போயிடும், முழுசா இருந்தா காத்துப் போகாத டப்பாவுல மாசக்கணக்குல நிக்கும். வண்டு மட்டும் பாத்துக்குங்க.

தெர்மோமீட்டர், ஹைட்ரோமீட்டர் எது வாங்குனாலும் ஒண்ணுதானே?

இல்ல. மேஷ்ல மூணு டிகிரி தப்புனா பீரே வேற. பானைல திருகி வர்ற முள்ளு வச்சத நம்பாதீங்க, டிஜிட்டல் குச்சி ஒண்ணு வாங்கி ஐஸ் தண்ணில 0, கொதிக்கிற தண்ணில 100 காட்டுதான்னு பாருங்க.

இன்னொரு விஷயம், ஆப்ல தண்ணி சூடு கணக்குப் போடுறப்ப தானியத்தோட சூடுன்னு ஒரு கட்டம் இருக்கும், அதுல 20 டிகிரி இல்ல அதுக்கும் கீழ போட்டு வச்சிருப்பான். நம்ம மால்ட் 30 டிகிரில உக்காந்திருக்கு. கிலோவுக்கு மூணு லிட்டர் போட்டு 67ல நிறுத்தணும்னா நமக்கு 72 டிகிரி தண்ணி போதும், பைல ஆறு லிட்டர் போடுறவங்களுக்கு 69.5. ஐஸ் பாக்ஸ்ல ஊத்துறதா இருந்தா பொட்டி குடிக்கிறதுக்கு ஒரு டிகிரி கூட வச்சுக்குங்க.

ஹைட்ரோமீட்டர் 20 டிகிரிக்கு அளவு வச்சது, 30ல அளந்தா காட்டுறதோட 0.002, 0.003 கூட்டிக்கணும். சக்கரை கம்மியா வந்துதுன்னு பாதிப் பேர் பொலம்புறது இதனாலதான்.

சரி, கூலர்னு சொல்லிக்கிட்டே இருக்கீங்களே, அது எதுக்கு மேஷ் சாமான்ல?

ஏன்னா அதுக்கு காசு மிச்சம் வைக்காம மேஷ் டன்லயே எல்லாத்தையும் கொட்டிடுறாங்க. கொதிச்ச தண்ணிய ஈஸ்ட் தாங்குற சூட்டுக்கு எறக்கணும், ஏல்ங்குற பீர் வகைக்குப் போடுற சாதா ஈஸ்ட்டுக்கு 20 கிட்ட. ஐரோப்பாவுல குழாய்த் தண்ணி 10, 12 டிகிரி, தாமிரச் சுருள உள்ள போட்டு தண்ணிய தொறந்து விட்டா வேலை முடிஞ்சுது. நம்ம குழாய்ல வர்றதே 28, 29. எவ்வளவு நேரம் விட்டாலும் 33, 35க்குக் கீழ போகாது, தண்ணி பில்லுதான் ஏறும்.

வழி மூணு இருக்கு. ஒண்ணு, 40 வரைக்கும் குழாய்த் தண்ணில எறக்கிட்டு, அப்புறம் ஒரு வாளில ஐஸும் தண்ணியும் போட்டு மீன் தொட்டி பம்பு வச்சு சுருளுக்குள்ள சுத்த விடுறது. 14 லிட்டர 40லருந்து 20க்கு எறக்க கணக்குப்படி மூணரை கிலோ ஐஸ், ஆனா வாளியும் வெக்கையும் தின்னுடும், அஞ்சாறு கிலோ வாங்குங்க. ஐஸ மொதல்லயே போட்டுடாதீங்க, 90 டிகிரி தண்ணிக்கு ஐஸ் குடுக்குறது காச கரைக்கிறது. ரெண்டு, ஆறவே வைக்காம சூடோட எச்டிபிஇங்குற கெட்டிப் பிளாஸ்டிக் கேன்ல ஊத்தி மூடி மறுநாள் வரைக்கும் விட்டுடுறது, சூடே கேன சுத்தம் பண்ணிடும், தண்ணி பஞ்சம் வந்த ஆஸ்திரேலியாக்காரங்க நெறைய இப்படித்தான் பண்ணுறாங்க. காத்து உள்ள இருக்கக் கூடாது, அமுக்கிட்டு மூடணும். மூணாவது எனக்குப் புடிச்சது, ஈஸ்ட்ட மாத்திடுறது. நார்வேல க்வைக்னு ஒரு ஈஸ்ட் வகை, 35 டிகிரிலயும் சந்தோஷமா வேலை செய்யும், வோஸ்னு ஒண்ணு ஆரஞ்சு வாசம் அடிக்கும். குளிர் நாட்டு ஈஸ்ட் நம்ம வெக்கைக்கு இவ்வளவு பொருத்தமா இருக்குறது வேடிக்கைதான். அத போட்டா ஐஸும் வேண்டாம், புளிக்க வைக்க ஃப்ரிட்ஜும் வேண்டாம்.

அரிசி, கேழ்வரகு போடலாமா?

போடலாம், சாமான் அதேதான். அரிசிய தனியா குழைய வேக வச்சு மேஷ்ல சேக்கணும், பச்சையா போட்டா மாவு தொறக்காது. கேழ்வரகுல உமி இல்ல, கோதுமைலயும் இல்ல, அதனால ஐஸ் பாக்ஸ்ல அடைச்சிக்கும், கழுவின நெல் உமி ரெண்டு கை போட்டா ஓடும். கோழிப் பண்ணைக்குப் போற உமிய எடுத்துட்டு வராதீங்க. பைல போடுறவங்களுக்கு இந்தத் தொல்லையே இல்ல.

இதே சாமான்ல விஸ்கி காய்ச்சலாமா மாமா?

மேஷ் வரைக்கும் ஒண்ணுதான். சிங்கிள் மால்ட் பண்ணுறவங்க பீர் மாதிரியே சக்கைய வடிச்சிட்டு தண்ணிய மட்டும் புளிக்க விடுவாங்க, அமெரிக்காவோட போர்பன் விஸ்கி பண்ணுறவங்க சக்கையோடவே புளிக்க விடுவாங்க, அவங்களுக்கு வடிகட்டியே தேவையில்ல. ஆனா காய்ச்சி வடிக்கிறது இங்கயும் கூடாது சிங்கப்பூர்லயும் கூடாது, ஆஸ்திரேலியாவுல பீர் சரி, வடிக்க லைசென்ஸ் வேணும். நியூசிலாந்துல மட்டும் 1996லருந்து சொந்த உபயோகத்துக்கு விட்டிருக்காங்க.

சட்டத்த விடுங்க, சம்சுங்குற மலிவுச் சாராயம் தோட்டத்துக்கு என்ன பண்ணுச்சுன்னு நம்மள விட யாருக்குத் தெரியும். 1941ல கிள்ளான் பக்கம் தோட்டத் தொழிலாளிங்க போராட்டம் பண்ணுனப்ப கள்ளுக்கடைய மூடுன்னு கேட்டதும் கோரிக்கைல ஒண்ணு, அப்பவே அவ்வளவு நொந்து போயிருந்தாங்க. 2018 செப்டம்பர்ல சிலாங்கூர் பக்கம் மெத்தனால் கலந்த மதுவக் குடிச்சு 30 பேருக்கு மேல செத்தாங்க. தானியத்த புளிக்க வச்சா அவ்வளவு மெத்தனால் வராது, தொழிற்சாலை மெத்தனால மலிவுக்காக கலக்குறதுதான் ஆளக் கொல்லுது. காய்ச்சி வடிக்கிற ஸ்டில்லு எங்க கெடைக்கும்னு என்கிட்ட கேக்காதீங்க, சொல்ல மாட்டேன்.

சக்கைய என்ன பண்ணுறது?

ஊர்ல மேஷ் போட்டா மாட்டுக்குத்தான், தோட்டத்துல மாடு வச்சிருக்குற அண்ணன் லோரி அனுப்பவா லான்னு கேக்குறாரு. அன்னைக்கே குடுத்துடணும், நம்ம வெக்கைல சாயங்காலத்துக்குள்ள புளிச்ச வாடை வந்துடும், எறும்பு அதுக்கு முன்னாடியே வந்துடும். ஃப்ளாட்டுல இருக்குறவங்க நல்லா புழிஞ்சு ரெண்டு பைல கட்டிப் போடுங்க, குப்பைக் குழாய்ல ஒரேயடியா தள்ளாதீங்க.

பழைய மெஷின் ஒருத்தர் விக்கிறாரு, வாங்கலாமா?

வாங்கலாம், நெறைய பேரு ரெண்டு தடவ போட்டுட்டு விக்கிறாங்க. போய் தண்ணி ஊத்தி கொதிக்க வைக்கச் சொல்லுங்க, கொதி வர்ற வரைக்கும் நில்லுங்க. அடிய டார்ச் அடிச்சுப் பாருங்க, ஹீட்டர் இருக்குற எடத்துல கருப்பா தீஞ்ச வட்டம் இருந்தா தேய்ச்சாப் போகுதான்னு கேளுங்க. பம்ப ஓட்டிப் பாருங்க, கூடைய தூக்கி மேல மாட்டி நிக்குதான்னு பாருங்க. பிளக்கு முள்ளு பழுப்பா நிறம் மாறி இருந்துதுன்னா வெலைய பேசாதீங்க, நடையக் கட்டுங்க.